சஹ்யாத்ரி நடையில் தண்ணீர்க் கணக்கு

மலர்க் குழுவினர் இந்த முறை கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், போன தடவை மாதிரி மேகம், அருவி, சூரியோதயம்னு எழுதிடாதீங்க. நம்ம ஆளுங்க இப்போ பிள்ளைங்களோட மலைக்குப் போக ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களுக்கு உபயோகப்படற மாதிரி ஏதாவது குடுங்க" என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். 1988-இல் வங்கி வேலையில் மாற்றலாகி டோம்பிவிலிக்கு வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கசாரா லோக்கலைப் பிடித்து மலைக்குப் போகும் பழக்கம் வந்த பிறகு, நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்டவை இரண்டு கேள்விகள். எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகணும்? ராத்திரி எங்கே தங்கறது? பல ஆண்டுகளாக இவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தேன். அது தப்பு என்று எனக்கு உறைத்தது 2009-இல்தான். அதை இடையில் சொல்கிறேன்.

எதையும் பொதுப்படையாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே பாதையை எடுத்துக்கொள்கிறேன். ரதன்கட்டில் தொடங்கி ஹரிஷ்சந்திரகட்டில் முடியும் நடை. ('கட்' என்றால் மராட்டியில் மலைக்கோட்டை.) கசாராவில் இறங்கி, ஜீப்பில் பண்டார்தரா அணைப் பக்கம் உள்ள ஷேண்டி வழியாக ரதன்வாடி கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கே அமிர்தேஷ்வர் என்ற பழைய சிவன் கோயில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஏறக்குறைய 1300 மீட்டர் உயரத்தில் ரதன்கட். பிறகு காத்ராபாய் கிண்ட் என்ற கணவாயைத் தாண்டி குமஷேத், அதன் பிறகு பாச்னை, அங்கிருந்து ஏறினால் 1424 மீட்டரில் ஹரிஷ்சந்திரகட். மறுபுறம் தோலார் கிண்ட் வழியாகக் கீரேஷ்வரில் இறங்கினால் மால்ஷேஜ் காட் சாலையில் கல்யாணுக்கு பஸ் கிடைக்கும். நிதானமாகப் போனால் நான்கு பகல், மூன்று இரவு. வழியில் கடை என்று நம்பக்கூடியது எதுவும் கிடையாது. இப்போது சனி ஞாயிறுகளில் கோட்டைகளின் மேலே எலுமிச்சை ஜூஸ், மேகி விற்கிறார்கள். ஆனால் வார நாளில் போய் அவர்களை எதிர்பார்த்து நிற்பது அசட்டுத்தனம்.

முதலில் ஒரு விசித்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் ஆண்டுக்கு சராசரி 1400 மி.மீ. மழை. சஹ்யாத்ரியின் முகட்டில், உதாரணமாக மகாபலேஷ்வரில், 5000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் இத்தனையும். ஜூலையில் இங்கே வந்தவர் யாரும் இந்த மலையில் தண்ணீர் பஞ்சம் என்றால் சிரிப்பார். அதே மனிதர் மார்ச்சில் வந்தால் நாக்கு வறண்டு நிற்பார்.

காரணம் பாறையில் இருக்கிறது. இந்த மலைத்தொடர் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. ஒரு தோசை மேல் இன்னொரு தோசை அடுக்கியது போன்ற அமைப்பு. சில அடுக்குகள் இரும்பு மாதிரி கெட்டி, அவற்றில் நீர் நுழையாது. சில அடுக்குகளில் பொத்தல்களும் விரிசல்களும் உண்டு, அவை கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பல இடங்களில் செங்காவி நிறத்தில் களிமண் போன்ற ஒரு பட்டை இருக்கும். மேலிருந்து இறங்கும் நீர் அந்தப் பட்டையில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, செங்குத்துப் பாறையின் அடியில் கசிந்து வெளியே வரும். டிசம்பரில் தூரத்திலிருந்து மலையைப் பாருங்கள். மஞ்சளாகக் காய்ந்த புல்லுக்கு நடுவே, ஒரே உயரத்தில் கோடு போட்டது போல் ஒரு பச்சை தெரியும். அந்தப் பட்டை அங்கே ஓடுகிறது, ஊற்று இருந்தால் அந்த மட்டத்தில்தான் இருக்கும் என்று அர்த்தம். உச்சியில் தேடுவதும் பள்ளத்தாக்கு வரை இறங்குவதும் அநேகமாக வீண்.

நம்ம ஊர் மலைகளில் சுனை என்போமே, அது பெரும்பாலும் கருங்கல்லில் இயற்கையாக விழுந்த குழி. இங்கே அப்படிக் குழி அதிகம் இல்லை. சேமிக்கும் அளவு பாறையில் வாங்கும் சக்தியும் இல்லை. கசிவுகள் நவம்பரில் ஓடும், ஜனவரியில் சொட்டும், மார்ச்சில் நின்றுவிடும். அதனால்தான் இந்த மலையில் பழைய மனிதர்கள் பாறையை வெட்டித் தொட்டி செய்தார்கள். மராட்டியில் அதற்கு 'டாக்கே' என்று பெயர். கோட்டைக்குக் கோட்டை இவற்றைப் பார்க்கலாம்.

டாக்கேயில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. ஒன்று திறந்தவெளியில் சதுரமாக வெட்டிய தொட்டி. வெயில் படுவதால் பாசி பிடிக்கும், வேகமாக வற்றும். மற்றொன்று பாறையைக் குடைந்து உள்ளே போவது. மேல் பாறையைத் தாங்கத் தூண்களை விட்டிருப்பார்கள். இதை 'காம்ப் டாக்கே' என்பார்கள். காம்ப் என்றால் தூண், நாம் சொல்கிற கம்பம்தான். இதில் வெயில் விழாது, பாசி குறைவு, நீர் ஐஸ் போலக் குளிர்ந்திருக்கும், ஆவியாவதும் குறைவு. குடிக்க இதில் எடுப்பதும், பாத்திரம் கழுவத் திறந்த தொட்டியில் எடுப்பதும்தான் முறை. வெட்டியவர்களும் அப்படி நினைத்தே வெட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பார்க்கக் கசாரா வரை போகக்கூட வேண்டியதில்லை. போரிவிலி தேசியப் பூங்காவுக்குள் கான்ஹேரி குகைகள் இருக்கின்றன. நம்மில் பலர் பிக்னிக் போய் வந்த இடம். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். அடுத்த முறை போகும்போது புத்தர் சிலைகளைப் பார்த்த பிறகு குகை வாசல்களின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். குகைக்குக் குகை தண்ணீர்த் தொட்டி இருக்கும். மேல் பாறையில் விழும் மழையைத் தொட்டிக்குள் கொண்டுவரச் சின்னச் சின்னக் கால்வாய்கள் செதுக்கியிருப்பார்கள். அங்குள்ள பிராகிருதக் கல்வெட்டுகளில் 'போடி' என்ற சொல் வருகிறது. தண்ணீர்த் தொட்டி என்று பொருள். குகையைத் தானமாகக் கொடுத்த வணிகர், கூடவே போடியையும் கொடுத்ததாகப் பொறித்திருக்கிறார். தங்கும் இடமும் தண்ணீரும் ஒரே தானம். நான் இரண்டு கேள்விகளாகப் பிரித்து வைத்திருந்ததை அவர்கள் பிரிக்கவில்லை.

சாதவாகனர் காலத்து நானேகாட் கணவாயிலும் இதே கதைதான். கொங்கணக் கரையிலிருந்து ஜுன்னருக்குச் சரக்கு ஏற்றிப் போன வழி அது. அரசி நாகனிகையின் கல்வெட்டு உள்ள குகையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். பாதையோரம் வெட்டியிருக்கும் தொட்டிகளை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ஏறி வந்த மனிதனும் மாடும் மூச்சு வாங்கும் இடங்களில் அவை இருக்கின்றன.

இன்னொரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். சிவாஜி காலத்திலிருந்து பணியாற்றிய ராமச்சந்திர பந்த் அமாத்யர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'ஆக்ஞாபத்திரம்' என்ற நூல் உண்டு. அரசு நடத்துவது பற்றியது. அதில் கோட்டை கட்டும் பகுதியில், முதலில் தண்ணீர் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் பாறையை வெட்டித் தொட்டி கட்டு என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, ஒரு படி மேலே போகிறார். ஊற்று ஒன்று இருக்கிறது, எப்படியோ போதும் என்று நிம்மதியாக இருந்துவிடாதே, போர்க் காலத்தில் பீரங்கி முழக்கத்தில் ஊற்று வற்றிப்போகும், தேவையும் அப்போதுதான் கூடும், ஆகவே தனியாகச் சேமிப்புத் தொட்டிகள் வேண்டும் என்கிறார். பீரங்கிச் சத்தத்தில் ஊற்று வற்றுமா என்று இன்றைய நிலநீர் நிபுணர்கள் விவாதிக்கட்டும். ஒரே ஊற்றை நம்பாதே என்ற யோசனை இருக்கிறதே, அதை நான் படித்திருந்தேன். ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். கடைப்பிடிக்கத்தான் இல்லை.

2009 மார்ச். ஹோலி விடுமுறையை ஒட்டிப் பதினொரு பேர் கிளம்பினோம். பாதி பேருக்கு இதுதான் முதல் நீண்ட நடை. என் அலுவலக நண்பர் ஒருவரின் மகன், கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிற பையன், அவனும் வந்தான். "நீங்க கூட இருக்கீங்களேன்னுதான் அனுப்பறேன் அண்ணா" என்று அவன் அம்மா சொன்னார். முதல் இரவு ரதன்வாடியில் சுகமாகக் கழிந்தது. மறுநாள் காத்ராபாய் கிண்ட் தாண்டும் நாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் சிறிது தூரத்தில் ஒரு ஊற்று எனக்குத் தெரியும். 2006 டிசம்பரில் பார்த்திருந்தேன். கிராமத்தார் பிளந்த மூங்கிலைச் சொருகி வைத்திருந்தார்கள், கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பில் ஆளுக்கு இரண்டு லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் உப்புமா, காபி எல்லாம் முடித்துக் கிளம்பும்போது எட்டரை.

கணவாய் ஏறும்போது மணி பன்னிரண்டரை. அதுவரை யாரும் கவலைப்படவில்லை. ஊற்று இருந்த இடத்துக்குப் போனோம். மூங்கில் இருந்தது. அடியில் ஈரமான மண் இருந்தது. தண்ணீர் இல்லை. எல்லோர் பாட்டிலையும் சேர்த்துப் பார்த்தேன், ஏழு லிட்டர். அடுத்த பாடாவுக்கு, அதாவது மலைவாழ் மக்களின் குடியிருப்புக்கு, இன்னும் இரண்டரை மணி நேர நடை.

இரண்டு மணி அளவில் பையன் பின்தங்கினான். தலைவலி என்றான், வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் நான் தமிழில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். உடம்பு அனலாகக் கொதித்தது. வெறும் களைப்பு அல்ல இது என்று அப்போதுதான் புரிந்தது. பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. அங்கேயே நிறுத்த வேண்டும், நிழலில் கிடத்த வேண்டும், உடம்பைக் குளிர்விக்க வேண்டும். தெளிவில்லாதவன் வாயில் தண்ணீரைத் திணித்தால் புரையேறிவிடும். ஒரு ஹிர்டா மரத்தடியில், நம் கடுக்காய் மரம்தான், அவனைப் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றி, இருந்த தண்ணீரில் பாதியைத் துணியில் நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் போட்டு விசிறினோம். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது குடிதண்ணீரைத் துணியில் ஊற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு பேர் பாடாவுக்கு ஓடினார்கள். அவர்கள் திரும்பி வரும்போது முன்னால் ஒரு பெண் வந்தார், தலையில் குடத்தோடு. வழி தெரியாத இவர்களை விட வேகமாக நடந்து வந்திருக்கிறார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், முந்தானையை நனைத்துப் பையன் நெற்றியில் போட்டார். அரை மணியில் அவன் கண்ணைத் திறந்து "அங்கிள், ஸாரி" என்றான். தெளிந்த பிறகு உப்பு, சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். (ஒரு லிட்டருக்கு ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது.)

பாடாவுக்குத் தூக்கிப் போய், ராஜூருக்கு ஜீப் வரக் காத்திருந்தோம். அப்போது அந்தக் கிணற்றைப் பார்த்தேன். சுற்றிலும் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி உள்ளே இறங்கி, அடியில் ஊறும் நீரைக் கிண்ணத்தால் வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று கேட்டேன். இந்த மாதத்தில் மூன்று, நான்கு என்றார்கள். எனக்காக வந்தது அதில் ஒன்று.

என் சட்டைப் பையில் பயணத் திட்டம் எழுதிய தாள் இருந்தது. இரண்டாம் இரவு என்று போட்டு, அதற்கு எதிரே "கிணறு, 66 லிட்டர்" என்று நானே எழுதியிருந்தேன். ஐந்து குடம்.

பையன் பிழைத்தான், ராஜூரில் டிரிப் ஏற்றினார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவன் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி அந்த 66 லிட்டர் எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனெனில் கணக்கு சரியானதுதான். நடக்கும்போது டிசம்பர் நிழலில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் போதும். மார்ச் வெயிலில் ஏற்றம் என்றால் ஒரு லிட்டர் வரை போகும். தங்கும் இடத்தில் சமையல், டீ, குடிக்க, கழுவ எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக ஆளுக்கு மூன்று லிட்டர். மறுநாள் காலை புறப்படும்போது கையில் மூன்று லிட்டர். ஆக ஒரு இரவுக்கு ஆளுக்கு ஆறு, பதினொரு பேருக்கு 66. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஊற்று அரை மணி தூரத்தில் இருந்தால், ஐந்து பேர் ஆளுக்கு ஏழு லிட்டர் சுமந்தாலும் இரண்டு நடை, மொத்தம் இரண்டு மணி நேரம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படியானால் முகாமை அடைய வேண்டிய நேரம் மூன்றரை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காலையில் கிளம்பும் நேரம் கிடைத்துவிடும். பலரும் காலையிலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுகிறார்கள். இருட்டில் டார்ச் அடித்துத் தொட்டி தேடுவது அதனால்தான்.

இந்தக் கணக்கைக் குறைக்கவும் வழி உண்டு. நம்மவர்கள் மலை உச்சியிலும் அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைவார்கள், பிறகு சாம்பார், ரசம், அப்புறம் பாத்திரம் விளக்கத் தனியாக ஒரு குடம். வீட்டிலேயே அரிசியும் பருப்பும் களைந்து உலர்த்தி எடுத்துப் போனால் ஒரே பாத்திரத்தில் பொங்கல் முடிந்துவிடும். அவல் இன்னும் உத்தமம். தட்டுக்குப் பதில் இங்கே 'பத்ராவளி' என்று புரச இலையில் தைத்து விற்கிறார்கள், நம்ம ஊர் தையல் இலைதான். இது ஒன்றிலேயே பத்துப் பேருக்கு ஐந்து லிட்டர் மிச்சம்.

இன்னொரு வழி, சமைக்கும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் பிரிப்பது. மாலை நான்கு மணிக்குத் தொட்டியருகே நின்று, சமைத்துச் சாப்பிட்டு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டரோடு மேலும் ஒரு மணி நடந்து தண்ணீரே இல்லாத இடத்தில் படுத்துக்கொள்ளலாம். முப்பது லிட்டரை முகாம் வரை சுமக்கும் வேலை மிச்சம். பாதை நன்றாகத் தெரிந்த இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

படுக்கும் இடம் என்றதும் தண்ணீரை ஒட்டியே கூடாரம் போட ஆசை வரும். வேண்டாம். இரவில் அது விலங்குகளின் நேரம். தாழ்வான இடத்தில் குளிர் காற்றும் வந்து தங்கும். தொட்டியிலிருந்து அறுபது, எழுபது மீட்டராவது தள்ளிப் போடுங்கள். காலைக்கடனுக்கும் அதே தூரம், தண்ணீருக்குக் கீழ்ப்பக்கமாக, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். கணவாயின் வாயில் படுக்கக் கூடாது, இரவு முழுக்கக் காற்று கூடாரத்தைப் பிய்க்கும். செங்குத்துப் பாறையில் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேனீக் கூடு, அதன் அடியில் சமைத்துப் புகை போனால் ஓட இடமிருக்காது. ஹரிஷ்சந்திரகட்டின் கொங்கண்கடா என்ற பிரம்மாண்டமான வளைந்த பாறை விளிம்பில் கூடாரம் போட்டுப் படம் எடுப்பது இப்போது ஒரு மோகம். பார்த்துவிட்டு வாருங்கள், படுக்க வேண்டாம். இந்தப் பகுதி 1986 முதல் வனவிலங்குச் சரணாலயம். தங்குவது, நெருப்பு மூட்டுவது பற்றிய விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. புறப்படும் வாரத்தில் வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹரிஷ்சந்திரகட்டில் நீர் பற்றி ஒரு எச்சரிக்கை. கோயில் எதிரே உள்ள புஷ்கரணி பார்க்க அழகு, குடிக்க ஏற்றதல்ல. கேதாரேஷ்வர் குகையில் இடுப்பளவு குளிர்ந்த நீருக்கு நடுவே பெரிய லிங்கம், நான்கு தூண்களில் ஒன்று மட்டும் முழுசாக நிற்கிறது. அதைச் சுற்றி வருவது வழிபாடு, அந்த நீரும் குடிக்க அல்ல. கோயிலை ஒட்டிக் குடைந்த தொட்டிகளில்தான் எடுக்க வேண்டும். எந்தத் தொட்டியிலும் காலை விடாதீர்கள். குதித்துக் குளிக்கிறார்கள், ஆழமும் தெரியாது, ஏறப் படியும் இருக்காது. பத்து மீட்டர் நைலான் கயிறும் ஒரு சின்ன வாளியும் பையில் இருந்தால் போதும்.

எடுத்த நீரைப் பழைய பருத்திச் சேலைத் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். பங்களாதேஷ் கிராமங்களில் இப்படிச் சேலையில் வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-இல் ஆய்வு வெளியாயிற்று. பாதிதான் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். வடிகட்டிய பிறகு தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி பொறுக்க வேண்டும்.

கடைசியாக, தண்ணீர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் நீலக் கோடு என்றால் நீருள்ள ஓடை, கறுப்புக் கோடு என்றால் காய்ந்த ஓடை. இது முதல் வடிகட்டல். செயற்கைக்கோள் படத்தில் மார்ச், ஏப்ரல் மாதப் படத்தைத் தேடிப் பச்சை இருக்கிறதா பார்க்கலாம். செல்போனில் யாரோ போட்டுவைத்த பாதையில் "தண்ணீர்" என்று குறி இருக்கும், அவர் போனது எந்த மாதம் என்று பார்க்காமல் நம்பாதீர்கள். 2006 டிசம்பரை நம்பி 2009 மார்ச்சில் போனவன் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் விட நம்பகமானது ஊர் மக்கள். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "மேலே தண்ணீர் இருக்கா?" என்றால் "ஆஹே" என்பார்கள். "எவ்வளவு தூரம்?" என்றால் "ஜவளச்", பக்கத்தில்தான். விருந்தாளியை மனம் நோகச் செய்யக் கூடாது என்ற நல்ல எண்ணம். அப்படிக் கேட்காமல், "இந்த வாரம் எருமைகளை எங்கே தண்ணிக்கு ஓட்டிப் போறீங்க?" என்று கேளுங்கள். உடனே உண்மை வரும். "அங்கேயா? பாணி ஆட்லே" என்பார்கள். வற்றிவிட்டது என்று பொருள். இந்தப் பாதையில் ஒவ்வொரு நாளும் அப்படிக் கேட்டு உறுதி செய்த இரண்டு இடம் இல்லாமல் நான் இப்போது கிளம்புவதில்லை. இரண்டில் ஒன்று காய்ந்திருந்தால் மற்றதை எட்டும் அளவுக்குக் கையில் தண்ணீர் இருக்க வேண்டும். பிப்ரவரி பாதிக்கு மேல் இந்த நடைக்கு யாரையும் அழைத்துப் போவதையும் விட்டுவிட்டேன்.

கசாரா லோக்கல் ஷஹாபூர் வட்டத்தைக் கடந்துதான் போகிறது. தான்சா, பாட்சா ஏரிகள் அங்கேதான். மும்பைக்கு நாள்தோறும் 380 கோடி லிட்டருக்கு மேல் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்து வருகிறது. அதே வட்டத்தில் கோடையில் பல பாடாக்களுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் போகிறது. ரயில் ஜன்னலிலிருந்தே காலிக் குடங்களின் வரிசையைப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டு அதை ஒரு காட்சியாகத்தான் பார்த்தேன்.

இப்போது குமஷேத் பக்கம் இரண்டாம் இரவு தங்குவதானால், முந்தின நாளே ராஜூரிலிருந்து ஜீப்பில் இருபது லிட்டர் கேன் நான்கு ஏற்றி, தெரிந்த வீட்டில் இறக்கி வைக்கச் சொல்லிவிடுகிறேன். 66 போக மீதி அந்த வீட்டுக்கு. முதல் தடவை அந்த வீட்டு அம்மா கேன்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தண்ணிக்குக் காசு குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலிக் கேன்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். ஜனவரி நடைக்கு வர விரும்புகிறவர்கள் பொங்கலுக்கு முன் என்னிடம் பெயர் கொடுங்கள். கேன் எண்ணிக்கை அதைப் பொறுத்தது.